வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்

சம்பந்தியம்மா காலிங்பெல்லை அழுத்த மாட்டாள். மோதிர விரலை மடக்கிக் கதவைத் தட்டுவாள். அந்த மோதிரத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு பச்சைக் கண்ணாடிக் கல் இருந்தது. தட்டுகிற சத்தத்திலேயே பசையம்மாவுக்கு ஆள் தெரிந்துவிடும். எழுந்து போவதற்கு முன்னால் மூச்சை ஒருமுறை இழுத்து விட்டுக்கொள்வாள்.

பசையம்மா என்பது தெரு வைத்த பெயர். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அவள் வீட்டிலேயே பழைய கவரிங் நகைகளை ரிப்பேர் செய்ய ஆரம்பித்தாள். கல் விழுந்த கம்மல், திருகு தொலைந்த தோடு, அறுந்த முத்துமாலை, குத்துகிற பின் உடைந்த சேலை ப்ரோச் என்று எது வந்தாலும் வாங்கிக்கொள்வாள். சாப்பாட்டு மேசைதான் பட்டறை. மணி உருண்டு ஓடாமல் இருக்க மேசையில் பழைய துண்டு ஒன்றை விரித்திருப்பாள். பல்குச்சி முனையில் பசையைத் தொட்டுக் கல்லின் அடியில் வைக்கும்போது வீட்டில் யாரும் பேசக்கூடாது. பேச ஆளும் இல்லை. ஒரே மகளைக் கட்டிக் கொடுத்து இரண்டாவது வருஷம் ஓடிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். திங்கட்கிழமை கிளம்பினால் வெள்ளிக்கிழமை ராத்திரிதான் வீடு. நடுவில் அந்த வீட்டில் இருப்பது மகளும் மாமியாரும் மட்டும்தான். மகள் ஒரு கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருந்தாள். ஒரு வாரம் காலை ஷிஃப்ட், ஒரு வாரம் மதியம்.

"என்ன சம்பந்தி, வாசல்ல செருப்பு விட இடமில்ல. உள்ள கூட்டமோ?"

"வாங்க சம்பந்தி. கூட்டமெல்லாம் இல்ல. அத்தனையும் என் செருப்புதான்."

"உங்களுக்கு எத்தனை காலு?"

இப்படித்தான் ஆரம்பிக்கும். சம்பந்தியம்மா நாற்காலியைக் கைக்குட்டையால் ஒரு தட்டு தட்டிவிட்டு உட்காருவாள். தண்ணீர் கொடுத்தால் டம்ளரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுக் குடிப்பாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துத் துண்டின் மேல் கவிழ்ப்பாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

சம்பந்தியம்மா ஒரு காலத்தில் பெரிய கடை ஒன்றில் அழகுசாதன கவுன்ட்டரில் நின்றவள். பக்கத்து கவுன்ட்டர் நகைக் கவுன்ட்டர். புது டிசைன் வந்த அன்றைக்கே வாங்கிவிடுவாளாம். அப்படி வாங்கிய கல் மாலைகளும் கைச்சங்கிலிகளும் பஞ்சு வைத்த பெட்டிகளில் இருந்தன. சந்தைக்குப் போனாலும் சரி, பல் டாக்டரிடம் போனாலும் சரி, ஏதாவது ஒன்று கழுத்தில் இல்லாமல் வெளியே வரமாட்டாள். அவை தங்கமில்லை என்று அவளுக்கு வெட்கம் எதுவும் கிடையாது. பசையம்மாவுக்கு அவளிடம் பிடித்தது என்று ஏதாவது இருந்தால் அது ஒன்றுதான்.

கல்யாணமான புதிதில் வந்தது ஒரு ப்ரோச். நடுக்கல் விழுந்திருந்தது. பழைய பசை மஞ்சளாகிப் பொருக்குத் தட்டிப் போயிருந்தது; வயசானால் எல்லாப் பசையும் அப்படித்தான் ஆகும். அதைச் சுரண்டி எடுத்து, கல்லைத் துடைத்து, உட்கார வைத்துக் கொடுத்தாள். சம்பந்தியம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பரவால்ல. கை சுத்தமாத்தான் இருக்கு."

அது பாராட்டா, வீட்டு வேலைக்கு ஆள் பார்க்கிறவள் பேச்சா என்று பசையம்மாவுக்குப் பிடிபடவில்லை. மகள் அங்கே வாழ வேண்டும். வாயை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அடிக்கடி வர ஆரம்பித்தது. சில வாரம் செவ்வாய்க்கிழமை, சில வாரம் புதன். கூலி பற்றிப் பேச்சே கிடையாது. சம்பந்தி வீட்டில் கூலி கேட்கவும் முடியாது. பசையம்மா மனசுக்குள் திட்டிக்கொண்டே வேலை செய்தாள். ஊரில் இருக்கிறவர்களின் வேலையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு இவளுடையதை முதலில் முடிக்க வேண்டியிருந்தது. அந்த வெள்ளிக்கிழமையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று எரிச்சலாக இருந்தது. தள்ளிப்போட்டால் போனில் பிடித்துக்கொள்வாள். "என்ன சம்பந்தி, பசை காயலயா, மனசு வரலயா?"

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் கவிழ்த்ததில் ஒரு கைச்சங்கிலி தட்டையாகக் கிடந்தது. பசையம்மா அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். ஒரு கல் பொடியாகியிருந்தது. பின்பக்கம் தரையில் தேய்ந்த கோடுகள்.

"இது மேல யாரோ ஏறி மிதிச்ச மாதிரி இருக்கே."

"ஒங்க தொழில் ஒங்களுக்குத்தான் தெரியும்."

"எப்படி ஆச்சுன்னு கேட்டேன்."

"எப்படி ஆச்சுன்னு சொன்னாத்தான் ஒட்டுமா?"

அதோடு எழுந்து போய்விட்டாள். அவள் போன பிறகும் பசையம்மா அந்தச் சங்கிலியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பழசாகி உடைவதற்கு ஒரு முறை இருக்கிறது. வளையம் உரசுகிற இடத்தில் நூலாகத் தேய்ந்து, ஒருநாள் தானாக விலகும். முத்து கோத்த நூல் கொக்கிக்குப் பக்கத்தில்தான் முதலில் பிசிறு விடும். போன சில மாதங்களாக இந்தக் கவரில் வந்தது எதுவும் அப்படி உடையவில்லை. முத்துமாலை நட்டநடுவில் அறுந்திருந்தது. கம்மல் தண்டு கோணியிருந்தது. இவ்வளவு நாள் அதையெல்லாம் அந்தப் பொம்பளையின் கவனக்குறைவு என்று நினைத்துத்தான் ஒட்டிக் கொடுத்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் மகளுக்குப் போன் போட்டாள்.

"எப்படி இருக்கே?"

"இருக்கேன்."

"வீட்ல எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"ஏம்மா, என்ன இப்ப?"

"மாப்பிள்ளை கை கிய் நீட்டுறாரா?"

மகள் சிரித்துவிட்டாள். "யாரு, அவரா? கொசுவ அடிக்கவே யோசிப்பாரு. வேலையப் பாரும்மா."

அந்தச் சிரிப்பு பசையம்மாவுக்கு ஆறுதலாக இல்லை. சிரித்து மறைக்கிறாள் என்றுதான் பட்டது.

அடுத்த வாரம் புதன்கிழமை சம்பந்தியம்மா வந்தாள். வெயில் கொளுத்தியது. கழுத்தைச் சுற்றி ஒரு பூப்போட்ட துணியைச் சுற்றியிருந்தாள். உட்காரவில்லை, தண்ணீரும் வேண்டாம் என்றுவிட்டாள். கவரைக் கவிழ்த்தாள். ஒரே ஒரு சங்கிலி. சிவப்புக் கல் வைத்தது, கனமானது. கொக்கி நேராகிக் கம்பி போல நீட்டிக்கொண்டிருந்தது. அதை அடுத்த நாலைந்து வளையங்கள் இழுபட்டு முட்டை வடிவத்தில் நீண்டிருந்தன.

"இது எப்படி அறுந்தது?"

"கழுத்துலேர்ந்து அறுந்தது."

"யாரு கழுத்துலேர்ந்து?"

சம்பந்தியம்மா அவளை நேராகப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. பிறகு பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.

 மகள் கழுத்திலிருந்துதான் இழுத்திருக்கிறார்கள் என்று பசையம்மா முடிவே செய்துவிட்டாள். அவன் இழுத்தானோ, இவள் இழுத்தாளோ, இரண்டு பேரும் சேர்ந்தோ. செய்வதையும் செய்துவிட்டு, உடைந்ததைப் பெண்ணைப் பெற்றவளிடமே கொண்டுவந்து ஒட்டச் சொல்கிற நெஞ்சழுத்தத்தை என்னவென்று சொல்வது. அவள் அந்தச் சங்கிலியைத் தொடவில்லை. மறுநாள் காலை அதைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி மகள் வீட்டுக்குப் போனாள்.

மகளுக்கு அந்த வாரம் மதிய ஷிஃப்ட். கதவைத் திறந்தவள் அவள்தான். தலை ஈரமாக இருந்தது.  பசையம்மா மகளின் தோளைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, முடியை ஒதுக்கிக் கழுத்தைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. கைகளைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

"என்னம்மா பண்றே? விடு."

சம்பந்தியம்மா உள்ளறையிலிருந்து வந்தாள். கழுத்தில் அதே பூப்போட்ட துணி.

"வாங்க சம்பந்தி. சொல்லாம கொள்ளாம வந்திருக்கீங்க. சங்கிலி ஆயிடுச்சா?"

பசையம்மா காகிதத்தைப் பிரித்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். "ஆகல. இத யாரு இழுத்தாங்கன்னு தெரிஞ்சாத்தான் கை வைப்பேன். எம் பொண்ண இந்த வீட்ல யாரு அடிக்கிறது? எனக்கு இப்பவே தெரியணும்."

 சம்பந்தியம்மா மெதுவாகத் துணியின் முடிச்சை அவிழ்த்தாள். திரும்பி நின்று, கொண்டையைக் கையால் தூக்கிப் பிடித்தாள். பின்கழுத்தில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. ஒரு பக்கம் தோல் உரிந்து பொருக்குக் கட்டியிருந்தது.

"நல்லாப் பாத்துக்கோங்க. பூதக்கண்ணாடி கொண்டாந்தீங்களா?"

பசையம்மா மகளைப் பார்த்தாள். மகள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த துண்டை நாற்காலி முதுகில் போட்டாள்.

"ஆமா. நான்தான்" என்றாள்.

"நீயா?"

"நான்தான்னு சொல்றேன்ல. அதையும் மிதிச்சேன், இதையும் இழுத்தேன். போய்க் கேளு, அவங்க என்ன சொன்னாங்கன்னு கேளு. எல்லாத்தையும் காட்டுறாங்கல்ல, வாயத் தொறந்து சொன்னதையும் காட்டச் சொல்லு."

"என்ன சொன்னீங்க சம்பந்தி?"

"ஒண்ணும் சொல்லல. ஒங்க கை வேலைய மெச்சினேன்."

"மெச்சினாங்களாம்." மகளின் குரல் உயர்ந்தது. "நீ ஒட்டிக் குடுத்தத எடுத்துப் போட்டுக்கிட்டு, கண்ணாடி முன்னாடி நின்னுக்கிட்டு, நான் காதால கேக்கணும்னே சொல்லுவாங்கம்மா. 'ஒங்கம்மாவ எங்க கடையில வச்சிருந்தா பெருக்குற வேலைக்குத்தான் வச்சிருப்பாங்க'ன்னு. 'பசைக்காரி பொண்ணு ஒட்டிக்கிட்டா, போக மாட்டேங்குறா'ன்னு. தெனமும். சாப்பிடும்போது, குளிச்சிட்டு வரும்போது. நான் கெஞ்சியிருக்கேன், அத்தை வேண்டாம் அத்தைன்னு. ஒனக்காகத்தாம்மா செஞ்சேன்."

பசையம்மாவுக்குச் சம்பந்தியம்மாவின் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. பெருக்குகிற வேலை என்றது சுருக்கென்று தைத்தது. அந்த வாயில் நாலு அறை விட்டால் தேவலை என்று ஒரு நிமிஷம் அவளுக்கே தோன்றியது. அப்படித் தோன்றியதும் அவள் மகளின் கையைப் பார்த்தாள்.

"எனக்காகன்னு சொல்லாத" என்றாள். "நான் ஒங்கிட்ட கேக்கல. அவங்களுக்கு என்ன வயசு, ஒனக்கு என்ன வயசு? கழுத்துல கிடக்கறதப் புடிச்சு இழுத்திருக்கே. அது அறுந்துச்சு, சரி. அறுந்திருக்கலன்னா?"

மகள் நாற்காலி முதுகிலிருந்த துண்டை எடுத்து மறுபடியும் தலையைத் துவட்டினாள்.

பசையம்மா சம்பந்தியம்மாவின் பக்கம் திரும்பினாள். "ஒங்களுக்கு வாய் இல்லயா? இத்தன நாளா வந்து வந்து கொட்டிட்டுப் போனீங்களே, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நம்பியிருப்பீங்களா? மருமக மேல மாமியா பழி போடறான்னு தெரு பூரா ஒட்டியிருப்பீங்க. இப்ப கூட என்ன நெனச்சிக்கிட்டு வந்தீங்க? நாங்க அடிச்சோம்னுதானே. தொழில் தெரிஞ்சவளாச்சே, பொருளப் பாத்தே புரிஞ்சுக்கட்டும்னு கொண்டாந்து போட்டேன். ஒங்களுக்குப் புரியவே இத்தன நாளாச்சு."

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

சம்பந்தியம்மா துணியை எடுத்து மறுபடியும் கழுத்தில் சுற்றிக்கொண்டாள். அப்போதுதான் பசையம்மாவுக்கு வெள்ளிக்கிழமை எதற்கு என்று புரிந்தது. லாரி வந்து நிற்பதற்குள் எல்லாம் பெட்டிக்குள் திரும்பிவிட வேண்டும். அவர் கண்ணில் உடைந்தது எதுவும் படக்கூடாது. மகள் மறைத்தாள், அவள் செய்தது அவருக்குத் தெரியக்கூடாது என்று. இந்தம்மா ஏன் மறைக்கிறாள்?

"அவனுக்குத் தெரிஞ்சா தனியாக் கூட்டிக்கிட்டுப் போயிடுவான்" என்றாள் சம்பந்தியம்மா. முதல் தடவையாக அவள் குரலில் அந்தக் குத்தல் இல்லை. "பொண்டாட்டி பக்கம் சாய்வான்னு இல்ல. சண்டைன்னாலே அவனுக்கு ஆகாது, எங்கயாவது எழுந்து போயிடுவான். அப்புறம் நான் இந்தச் சொவரப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கணும்."

ஆக, இவ்வளவு நாளாக அந்த வீட்டில் நடந்ததை மூடி மறைத்துக் கொடுத்தது தன்னுடைய பசைதான்.  பசையம்மா கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

"யாருக்கும்மா பண்றே?"

"ஒம் புருஷனுக்கு."

"வேண்டாம்மா."

"சம்பந்தி, வையுங்க போன. இது எங்க வீட்டு விஷயம்."

அந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் ஒரே பக்கம் நின்றது அன்றைக்குத்தான். ஒருத்தி முன்னால் வந்து மறித்தாள், இன்னொருத்தி போனைப் பிடுங்கக் கை நீட்டினாள். பசையம்மா சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு போனைக் காதில் வைத்தாள்.

"மாப்பிள்ளை, நான் அத்தை பேசறேன். வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தா ஓரமா நிறுத்துங்க."

"சொல்லுங்க அத்தை. நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன், டீசல் போடறாங்க."

அவள் சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். மகள் செய்ததை முதலில் சொன்னாள், அவர் அம்மா பேசியதைப் பிறகு சொன்னாள், தான் ஒட்டிக் கொடுத்ததைக் கடைசியில் சொன்னாள். அந்தப் பக்கம் இன்ஜின் சத்தமும் யாரோ ஹாரன் அடிக்கிற சத்தமும் மட்டும் கேட்டன.

"சங்கிலி ஒங்க மேசையில இருக்கு மாப்பிள்ளை. நான் அதத் தொடப் போறதில்ல. வந்து நீங்களே பாருங்க."

"சரி அத்தை" என்றார். வைத்துவிட்டார்.

"நல்லா இருப்பீங்க" என்றாள் சம்பந்தியம்மா. அதை அவள் வாழ்த்தாகச் சொல்லவில்லை.

மகள் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். "கெளம்பும்மா. பஸ் போயிடும்."

மாப்பிள்ளை வெள்ளிக்கிழமை ராத்திரி வந்தார். அம்மாவின் கழுத்தைப் பார்த்தார். யாரையும் திட்டவில்லை, கத்தவில்லை. தலையணையை எடுத்துக்கொண்டு போய் லாரிக்குள்ளேயே படுத்துக்கொண்டார். காலையில் இரண்டு பேரையும் மேசைக்கு எதிரும் புதிருமாக உட்கார வைத்து, ஒருத்தரிடம் ஒருத்தர் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அவங்க முதல்ல கேக்கட்டும் என்றாள் மகள். வயசில பெரியவ நான், அவ முதல்ல கேக்கட்டும் என்றாள் சம்பந்தியம்மா. அவர் ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு, வீடு பார்க்கக் கிளம்பிவிட்டார். இதெல்லாம் பசையம்மாவுக்கு மகள் மூலமாகத்தான் தெரிந்தது, அதுவும் குற்றப்பத்திரிகை மாதிரி.

அந்த மாசமே அவரும் மகளும் லாரி நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு அறையும் சமையலறையுமாக ஒரு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர் மட்டும் சனிக்கிழமை பகலில் அம்மா வீட்டுக்கு வந்து காய்கறி வாங்கிப் போட்டுவிட்டு, ஒரு மணி நேரம் டிவி பார்த்துவிட்டுப் போவார்.

சம்பந்தியம்மா ஒரு தடவை வந்தாள். உள்ளே வரவில்லை. பசையம்மாவிடம் நகை ரிப்பேருக்கு வந்திருந்த இரண்டு பெண்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் காது கேட்கவே பேசினாள்.

"உடைஞ்சத ஒட்டுறவங்கன்னு போர்டு மாட்டாதீங்க. ஒரு குடும்பத்த உடைச்சவங்கன்னு மாட்டுங்க."

"நான் போர்டே மாட்டல சம்பந்தி."

"மாட்டினா எழுதறதுக்கு நான் ஆள் அனுப்பறேன்."

"கழுத்து ஆறிடுச்சா?"

சம்பந்தியம்மாவின் கை தன்னையறியாமல் பின்கழுத்துக்குப் போனது. அன்றைக்கு அவள் கழுத்தில் எதுவும் போட்டிருக்கவில்லை. கையைக் கீழே இறக்கினாள்.

"ஒங்ககிட்ட காட்டணும்னு அவசியமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு பெண்களில் ஒருத்தி தன் வளையலை வாங்கிக்கொண்டு இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிக் கிளம்பினாள். அவள் திரும்ப வரவில்லை. கதை கேட்பதற்காகவே சிலர் புதிதாக வந்தார்கள். நன்றாக இருக்கிற கம்மலைக் கூடத் திருகு லூஸ் என்று கொண்டுவந்தார்கள். பசையம்மா திருகை முடுக்கிக் கொடுத்து அனுப்பினாள். வாயைத் திறக்கவில்லை.

வீடு மாறிய பிறகு மகள் கொஞ்ச நாள் போனே எடுக்கவில்லை. பிறகு எடுத்தாள். கேஸ் சிலிண்டர் கிடைத்ததா, தண்ணீர் வருகிறதா என்று கேட்டால் ம், ம் என்பாள். பசையம்மா கடைசியாக ஒன்றைக் கேட்பாள்.

"கை எப்படி இருக்கு?"

கேட்டவுடன் மகள் வைத்துவிடுவாள். அடுத்த தடவையும் பசையம்மா அதையே கேட்பாள். அவள் அதையே செய்வாள். இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. தான் கேட்பது மகளுக்கு வலிக்கிறது என்று பசையம்மாவுக்குத் தெரியும். வலிக்கட்டும் என்றுதான் கேட்டாள்.

மழைக்காலத்தில் ஒருநாள், மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு ப்ரோச்சின் பின்னைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. இந்தத் தடவை மகளே கூப்பிட்டிருந்தாள். 

"நேத்து ஒரு தட்டத் தூக்கி எறிஞ்சேன்" என்றாள்.

பசையம்மா பிளையரைக் கீழே வைத்தாள். "அவர் மேலயா?"

"சொவத்துல. அவர் ஊர்லயே இல்ல."

"யாரு மேல கோபம்?"

"தெரியல." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "ஒம்மேலயா இருக்கும்."

"சரி" என்றாள் பசையம்மா. "தட்டு உடைஞ்சிதா?"

"எவர்சில்வர் தட்டு. நெளிஞ்சிருக்கு."

"கூட்டிப் பெருக்க வேலயில்ல."

மகள் சிரிக்கவில்லை. அப்படியே போனை வைக்கவும் இல்லை. அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டாள் போல. பசையம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, பிளையரைக் கையில் எடுத்தாள்.